வீடு தேடிப் போகிறவர்கள்

பொதுக்காலம் 26ஆம் ஞாயிறு, மூன்றாம் ஆண்டு
ஆமோஸ் 6:1, 4-7, 1 திமொத்தேயு 6:11-16, லூக்கா 16:19-31



இன்றைய நற்செய்தியில் வருகிற செல்வர் இலாசரை அடிக்கவில்லை. நாயை ஏவி விரட்டவில்லை. இங்கே கிடக்காதே, வேறு இடம் பார் என்று வேலைக்காரரை அனுப்பிச் சொல்லவும் இல்லை. அப்படி எதையும் லூக்கா எழுதவில்லை. விலையுயர்ந்த செந்நிற ஆடை உடுத்தினார், நாள்தோறும் விருந்து உண்டார். அவரைப் பற்றி ஆண்டவர் சொல்வது அவ்வளவுதான். யாருடைய சொத்தையும் பிடுங்கியதாகச் சொல்லவில்லை. ஆனாலும் கதை பாதியைத் தாண்டும்போது அவர் தீப்பிழம்பில் வேதனைப்படுகிறார்.

ஏன்? இந்தக் கேள்வியை அவசரமாகக் கடந்து போகக் கூடாது. பாதாளத்திலிருந்து அண்ணாந்து பார்த்தவர் ஆபிரகாமிடம் என்ன கேட்டார் என்று கவனியுங்கள். இலாசரை அனுப்பும் என்று கேட்கிறார். பெயர் சொல்லிக் கேட்கிறார்! அப்படியானால் வாசலில் கிடந்தவர் யார் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. போகும்போதும் வரும்போதும் பார்த்திருக்கிறார், பெயரையும் காதில் வாங்கியிருக்கிறார். ஒரே ஒரு நாள்கூட அவரருகில் குனிந்து, "என்ன ஐயா, சாப்பிட்டீர்களா?" என்று கேட்கவில்லை. அந்தப் புண்களின் பக்கத்தில் போனவை தெருநாய்கள்தான்.

இன்னொன்றையும் பாருங்கள். நெருப்பில் கிடக்கும்போதும் அவருக்கு இலாசர் ஓர் ஏவலாள்தான். விரல் நுனியில் தண்ணீர் கொண்டுவர இலாசர் வேண்டும். வீட்டுக்குச் சேதி சொல்லிவிடவும் இலாசர் வேண்டும். இலாசரிடம் நேராக ஒரு வார்த்தை அவர் பேசவே இல்லை. இவர்கள் இருவருக்கும் நடுவே கடக்க முடியாத பெரும்பிளவு ஒன்று இருப்பதாக ஆபிரகாம் சொல்கிறார். அந்தப் பிளவைக் கடவுள் சாவுக்குப் பிறகு வெட்டிவைத்தார் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தச் செல்வர் உயிரோடு இருந்தபோதே, ஒவ்வொரு நாளும் அந்த வாசலைக் கடந்துபோன போதே, கொஞ்சங் கொஞ்சமாக அவரே வெட்டினார்.

முதல் வாசகத்தில் ஆமோஸ் சொல்வதும் இதைத்தான். தந்தக் கட்டிலில் சாய்ந்துகொண்டு, இளங்கன்றின் கறி தின்று, கிண்ணம் கிண்ணமாய்த் திராட்சை இரசம் குடித்து, யாழ் மீட்டிப் பாடுகிறவர்களைப் பார்த்து இறைவாக்கினர் கொதிக்கிறார். அவர்கள் சாப்பிட்டதற்காக மட்டும் அவர் கொதிக்கவில்லை. சொந்த மக்களின் வீடு இடிந்து விழுகிறது, இவர்களுக்கோ அதைப் பற்றி மனவருத்தம் இல்லை. அதுதான் அவர்கள்மேல் அவர் வைக்கிற குற்றச்சாட்டு.

இந்த வாசகங்கள் நமக்கு வாய்த்திருக்கிற நேரத்தை நான் கடவுளின் ஏற்பாடாகவே பார்க்கிறேன். நேற்று செப்டம்பர் 27, புனித வின்சென்ட் தே பவுலின் திருநாள். இன்று நம் பங்கின் வின்சென்ட் தே பவுல் சபைச் சகோதரர்கள் தங்கள் வாக்குறுதியைப் புதுப்பிக்கப்போகிறார்கள். முன்வரிசையில் வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்களைத்தான் சொல்கிறேன். ஒருவர் ஆட்டோ ஓட்டுகிறார். ஒருவர் துறைமுகத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர். தையற்காரர் இருக்கிறார், வள்ளத்தில் போகிறவர்கள் இருக்கிறார்கள், பள்ளி ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். அந்தோணியார் உண்டியலைத் திறந்து எண்ணுகிறவர்கள், திருவிழாவில் கஞ்சி ஊற்றுகிறவர்கள் என்ற அளவில்தான் நம்மில் பலருக்கு இவர்களைத் தெரியும். இவர்களுடைய உண்மையான வேலை நம் கண்ணில் படுவதில்லை. படக் கூடாது என்பதும் அந்தச் சபையின் ஒழுங்குதான்.

இந்தச் சபைக்குப் பெயர் கொடுத்த புனிதரிடமிருந்து தொடங்குகிறேன்.

1617ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். பிரான்ஸ் நாட்டில் சாத்தியோன் என்ற சிற்றூருக்கு வின்சென்ட் பங்குத்தந்தையாக வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை திருப்பலிக்கு உடை அணிந்துகொண்டிருக்கும்போது ஒரு பெண் வந்து சொல்கிறார்: ஊருக்கு வெளியே ஒரு வீட்டில் எல்லாரும் நோயில் படுத்துவிட்டார்கள், ஒருவருக்கு ஒருவர் தண்ணீர் எடுத்துக் கொடுக்கக்கூட ஆளில்லை. வின்சென்ட் அதையே மறையுரையில் எடுத்துச் சொன்னார். மாலையில் அந்த வீட்டைப் பார்க்க அவர் நடந்துபோனபோது, வழியெங்கும் மக்கள் கூட்டம். கையில் அப்பம், இறைச்சி, சூப்பு. போகிறவர்களும் திரும்புகிறவர்களுமாக, வெயிலுக்கு மர நிழலில் உட்கார்ந்திருக்கிறவர்களுமாக ஒரு பவனியே நடந்துகொண்டிருந்தது.

ஒரு மறையுரைக்கு இப்படிப் பலன் கிடைத்தால் எந்தக் குருவானவரும் மகிழ்ந்துபோவார். வின்சென்டும் மகிழ்ந்தார். ஆனால் அந்த மகிழ்ச்சியோடு அவர் படுத்துத் தூங்கிவிடவில்லை. இன்று ஒரே நாளில் வந்து குவிந்த உணவு நாளைக்குக் கெட்டுப்போகும், நாளை மறுநாள் இந்த வீட்டில் மறுபடியும் அடுப்பு எரியாதே என்று யோசித்தார். இந்த ஊரில் அன்பு நிறைய இருக்கிறது, ஒழுங்குதான் இல்லை என்று கண்டுகொண்டார். சில நாட்களுக்குள் அந்த ஊர்ப் பெண்களைக் கூட்டி, இன்று நீ, நாளை அவள் என்று முறை வைத்து நோயாளிகளைக் கவனிக்கிற ஒரு சிறிய சங்கத்தை ஏற்படுத்தினார். அவருடைய பிறரன்புச் சங்கங்களில் முதலாவது அதுதான். இந்தச் சகோதரர்களைப் பற்றிப் பேச வந்த நான் இதை மறைக்காமல் சொல்லவேண்டும்: இந்த வழியில் முதலில் நடந்தவர்கள் பெண்கள்.

அந்தச் சங்கத்துக்கு அவர் எழுதிக் கொடுத்த ஒழுங்கைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் இளகும். நோயாளியின் வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோகிறவர் முகமலர்ச்சியோடு வணக்கம் சொல்லவேண்டும். படுக்கைமேல் சிறு மேசையை வைத்து, அதில் துணி விரித்து, கிண்ணமும் கரண்டியும் அப்பமும் எடுத்துவைக்க வேண்டும். நோயாளியின் கையைக் கழுவிவிட்டு, செபம் சொல்லிவிட்டுப் பரிமாற வேண்டும். பெற்ற மகனைக் கவனிப்பதுபோல, அதைவிடவும் மேலாகக் கடவுளையே கவனிப்பதுபோலச் செய்யவேண்டும். இன்னொன்றும் எழுதினார்: துணைக்கு ஆள் இருக்கிற நோயாளிகளை முதலில் பார்த்துவிட்டு, ஒருவரும் இல்லாதவரைக் கடைசியாகப் பாருங்கள், அப்போதுதான் அவரோடு அதிக நேரம் இருக்க முடியும்.

கடைசியாக எழுதியதை இன்னொரு முறை எண்ணிப்பாருங்கள். பசித்தவருக்குச் சோறு போகவேண்டும் என்று மட்டும் நினைக்கிற மனது இதை எழுதாது. தனியாகக் கிடக்கிற மனிதருக்குப் பக்கத்தில் ஒரு மனிதர் உட்காரவேண்டும் என்று நினைக்கிற மனதுதான் எழுதும். இலாசர் கிடந்த வாசலில் குறைந்தது சோறு மட்டுமா?

வின்சென்ட் 1660இல் இறந்தார். அதற்கு 173 ஆண்டுகள் கழித்துத்தான் நம் சபை பிறந்தது. அதைத் தொடங்கியவர்கள் பாரிஸ் நகரத்தில் படித்துக்கொண்டிருந்த மாணவர்கள்.

அந்த மாணவர்களில் ஒருவரான பிரடெரிக் ஓசானாம் 1813 ஏப்ரல் 23 அன்று மிலான் நகரில் பிறந்தவர், லியோன் நகரில் வளர்ந்தவர். அப்பா மருத்துவர், ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தவர். சட்டம் படிக்க ஓசானாம் 1831இல் பாரிசுக்கு வந்தார். மறு ஆண்டே அந்த நகரத்தில் காலரா பரவி 18,000 பேருக்கு மேல் இறந்தார்கள். தொழிலாளர்கள் நெருக்கியடித்துக் குடியிருந்த சந்துகளில்தான் சாவு அதிகம். பல்கலைக்கழகத்திலோ கடவுள் நம்பிக்கையைப் பழங்கதை என்று ஒதுக்குகிற காலம் அது. ஓசானாமும் நண்பர்களும் ஒரு விவாதக் கூட்டம் நடத்தி, திருச்சபை உலகத்துக்குச் செய்த நன்மைகளை எடுத்துப் பேசிவந்தார்கள். நன்றாகவே பேசினார்கள். ஒருநாள் எதிர்த்தரப்பில் ஒருவர் எழுந்து கேட்டார்: அன்று திருச்சபை செய்தது இருக்கட்டும், இன்று இந்த நகரத்து ஏழைகளுக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

அவர்களிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வி ஓசானாமைக் குத்திவிட்டது. குத்தியவரை மடக்க இன்னொரு வாதத்தை அவர் தேடவில்லை. தம் அறையில் குளிர்காய மிச்சமிருந்த விறகை நண்பர் ஒருவரோடு சுமந்துகொண்டுபோய் ஓர் ஏழை வீட்டில் கொடுத்தார் என்று சொல்வார்கள். 1833 ஏப்ரல் 23 அன்று, அவருடைய இருபதாவது பிறந்தநாளில், ஆறு மாணவர்களும் எம்மானுவேல் பெய்லி என்ற பத்திரிகை ஆசிரியரும் அந்தப் பத்திரிகை அலுவலகத்தில் கூடினார்கள். அந்த ஏழு பேர்தான் தொடக்கம். இன்று 150க்கும் மேற்பட்ட நாடுகளில் அந்தச் சபை இருக்கிறது. ஆண்களும் பெண்களுமாகச் சுமார் 8 லட்சம் உறுப்பினர்கள் இருக்கிறார்கள்.

அன்று கூடிவிட்டார்களே தவிர, ஏழையின் வீட்டுக்குள் எப்படிப் போவது, என்ன பேசுவது என்று அந்தப் படித்த பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. பெய்லி அவர்களை ரோசலி ரெந்து என்ற அருட்சகோதரியிடம் அனுப்பினார். பாரிசிலேயே மிகவும் ஏழ்மையான முஃப்தார் பகுதியில் பல ஆண்டுகளாகப் பணிசெய்து, ஒவ்வொரு வீட்டையும் ஒவ்வொரு படிக்கட்டையும் அறிந்திருந்தவர் அவர். மாணவர்களிடம் குடும்பங்களின் பட்டியலைக் கொடுத்தார், அப்பத்துக்கும் விறகுக்கும் சீட்டுக் கொடுத்தார். எப்படிப் போகவேண்டும், எப்படிப் பொறுமையாகக் கேட்கவேண்டும், எப்படி யாரையும் தீர்ப்பிடாமல் திரும்பவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். பல்கலைக்கழகம் கற்றுத்தராததை அந்தச் சகோதரி கற்றுத்தந்தார். 1997இல் ஓசானாமையும் 2003இல் ரோசலியையும் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அருளாளர்களாக உயர்த்தினார்.

ஓசானாம் குருவானவரும் அல்ல, துறவியும் அல்ல. மணமானவர், ஒரு பெண் குழந்தைக்குத் தகப்பன், பாரிஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர். அவரைப் பற்றி ஒரு செய்தி உண்டு. ஒரு புத்தாண்டு நாளில், தமக்குத் தெரிந்த ஒரு ஏழைக் குடும்பம் வறுமையால் தங்கள் வீட்டு இழுப்பறை அலமாரியை அடகு வைத்துவிட்டதைப் பற்றி மனைவியிடம் சொன்னார். நல்ல நாளில் அதை மீட்டுக் கொடுக்கலாமே என்று நினைத்தார். வேண்டாம் என்று மனைவி சொன்னதும் விட்டுவிட்டார். மாலையில் தம் மகளைச் சுற்றிப் பரிசுப் பொம்மைகள் கிடந்ததைப் பார்த்தபோது அவருக்குத் தாங்கவில்லை. இப்போது மனைவியும் போய்வாருங்கள் என்றார். உடனே எழுந்துபோய் அலமாரியை மீட்டு, அந்த வீட்டில் சேர்த்துவிட்டு வந்தார்.

அந்த வீட்டில் அலமாரி இல்லை என்று அவருக்கு எப்படித் தெரிந்தது? அந்த வீட்டுக்குள் போய் உட்கார்ந்திருந்தால்தான் தெரியும். முதலில் அந்த மூலையில் இருந்தது, இப்போது இல்லை என்று கண் கண்டிருக்க வேண்டும்.

சகோதர சகோதரிகளே, நான் இன்று சொல்ல விரும்புவது இதைத்தான். கொடுப்பதற்கு நம் ஊரில் குறைவில்லை. தர்மம் செய்கிற கை நம்முடையது. கோவில் வாசலில் போடுகிறோம், அன்னதானத்துக்கு எழுதுகிறோம், 2023 டிசம்பர் மாத வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி நம் மாவட்டமே மூழ்கிக்கிடந்தபோது, சாதி மதம் பாராமல் சமைத்து அனுப்பினோம். நம்மிடம் இல்லாதது வீடு தேடிப் போகிற பழக்கம். ஏழை நம்மிடம் வரவேண்டும், வரிசையில் நிற்கவேண்டும், பிறகு நாம் கொடுக்கிறோம். வின்சென்ட் சபை அதைத் தலைகீழாக்குகிறது. நாம் எழுந்து போகிறோம்.

அவர்கள் எப்படிப் போகிறார்கள் என்று சொல்கிறேன். வாரம் ஒருமுறை கூடுகிறார்கள். செபத்தோடு தொடங்கி, ஞான வாசகம் ஒன்றை வாசிக்கிறார்கள். பிறகு, போன வாரம் பார்த்த குடும்பங்களைப் பற்றி ஒவ்வொருவரும் சொல்கிறார்கள். இந்த வாரம் யார் எங்கே போவது, என்ன செய்வது என்பதை எல்லாரும் சேர்ந்து முடிவுசெய்கிறார்கள். கூட்டம் முடியும்முன் ஒரு துணிப்பை சுற்றிவரும். ஒவ்வொருவரும் கையை உள்ளே விட்டு எடுப்பார்கள். யார் எவ்வளவு போட்டார், யார் போடவே முடியவில்லை என்று பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. நம் பங்கில் பெயர் போட்ட டியூப்லைட்டும் பெயர் வெட்டிய பெஞ்சும் நிறைய இருக்கின்றன. பெயரே இல்லாத இந்தப் பை எனக்கு அவை எல்லாவற்றையும்விட அருமையானது. பிறகு இருவர் இருவராக வீடுகளுக்குப் போகிறார்கள். ஆண்டவர் சீடர்களை அனுப்பியதும் இருவர் இருவராகத்தான்.

வீட்டுக்குள் போனால் என்ன தெரியும்? அரிசி இல்லை என்று நினைத்துப் போயிருப்பார்கள். போய்ப் பார்த்தால், உப்பளத்தில் ஆண்டுக்கணக்காக வேலைபார்த்த அம்மாவுக்கு விரலில் ரேகை தேய்ந்துபோயிருக்கும். ரேஷன் கடைக் கருவியில் கைரேகை விழாமல் வெறுங்கையோடு திரும்பியிருப்பார். தம் சார்பில் வேறொருவர் வாங்க எழுதிக்கொடுக்கலாம் என்பதே அவருக்குத் தெரிந்திருக்காது. அவருக்குத் தேவை நம்முடைய ஐந்து கிலோ அரிசி அல்ல, கூட வந்து அந்தப் படிவத்தை நிரப்பித் தருகிற ஒரு தம்பி. இன்னொரு வீட்டில் முதியோர் உதவித்தொகைக்கு எழுதிப்போட்ட மனு எங்கோ நின்றுபோயிருக்கும். வேறொரு வீட்டில் மருந்துச் சீட்டு இருக்கும், மாத்திரை இருக்காது. இன்னொரு வீட்டில் எல்லாமே இருக்கும். மகன் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புகிறான். ஆனால் அந்தப் பெரியவரிடம் மூன்று நாளாக ஒருவரும் பேசியிருக்க மாட்டார்கள். வாசலில் உட்கார்ந்து பட்டியல் எழுதினால் இதில் எதுவுமே தெரியாது.

அவன் குடிகாரன் சாமி, அந்த வீட்டுக்கு ஏன் கொடுக்கிறார்கள் என்று என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். நான்காம் நூற்றாண்டில் அந்தியோக்கியா நகரத்தில் புனித யோவான் கிறிசோஸ்தோம் இதே இலாசரைப் பற்றித் தொடர்ந்து பல மறையுரைகள் ஆற்றினார். அங்கேயும் இதே கேள்வி இருந்திருக்கிறது. அவர் சொன்ன விளக்கம் துறைமுகத்து ஊர்க்காரர்களாகிய நமக்கு நன்றாகவே புரியும். தர்மம் செய்கிறவர் ஒரு துறைமுகம் போன்றவர். கப்பல் உடைந்து கரைசேர்கிறவரிடம் துறைமுகம் நீ நல்லவனா கெட்டவனா என்று விசாரிப்பதில்லை, முதலில் உள்ளே சேர்த்துக்கொள்கிறது. ஏழையிடம் நன்னடத்தைச் சான்றிதழ் கேட்கிற வேலையைக் கடவுள் நமக்குக் கொடுக்கவில்லை. குடிக்கிறவரின் வீட்டில் குடிக்காத பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தக் குடிகாரரையும், கோபப்படாமல் வாரந்தோறும் வந்து பக்கத்தில் உட்காருகிற ஒரு மனிதர் இல்லாமல் யார் மீட்க முடியும்?

அதேசமயம், தர்மத்தோடு நம் கடமை முடிந்தது என்று ஓசானாம் நினைக்கவில்லை. அடிபட்டுக் கிடப்பவரின் காயத்தில் எண்ணெய் ஊற்றுகிற நல்ல சமாரியர் வேலையைப் பிறரன்பு செய்கிறது. வழியில் அடி விழாமல் தடுப்பது நீதியின் வேலை என்பது அவர் கருத்து. லியோனில் சட்டம் கற்பித்த காலத்திலேயே தொழிலாளியின் கூலியைப் பற்றி அவர் பேசினார். நம் ஊரிலும் அப்படித்தான். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் உப்பளங்களில் வேலை நின்றுவிடும். நம் பங்கில் எத்தனையோ வீடுகள் அந்த மாதங்களைக் கடனில்தான் கடக்கின்றன. அரசு தருகிற மழைக்கால நிவாரணத்துக்குப் பெயர் பதிவாகியிருக்க வேண்டும், பதிவாகாதவர்கள் இருக்கிறார்கள். நம் பங்கிலேயே உப்பளம் வைத்திருப்பவர்களும் வள்ளம் வைத்திருப்பவர்களும் இருக்கிறீர்கள். உங்களிடம் உரிமையோடு கேட்கிறேன்: உங்களிடம் வேலைபார்க்கிறவர் சபையின் அரிசிப் பையை எதிர்பார்க்காத அளவுக்கு அவருக்கு நியாயமான கூலி கொடுங்கள். அதுதான் நீங்கள் சபைக்குச் செய்யக்கூடிய பெரிய நன்கொடை.

இன்னொன்று. இதை எந்தத் தனி ஆளையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை, ஆனால் அழுத்தமாகவே சொல்கிறேன். கிறிஸ்மஸ் காலத்தில் மேடை போட்டு, மைக்கில் பெயர் வாசித்து, ஒவ்வொரு விதவைத் தாயாக முன்னால் அழைத்து, சேலையின் ஒரு முனையை அவரும் மறுமுனையை நான்கு பேரும் பிடித்துக்கொண்டு போட்டோ எடுக்கிற பழக்கம் நம்மிடையே வளர்ந்துவிட்டது. அந்தப் படம் மறுநாள் எல்லாருடைய செல்போனிலும் சுற்றுகிறது. அந்த அம்மாவின் பேத்தி அதே தெருவில் பள்ளிக்கூடம் போகிறாள். அவளுடைய தோழிகளும் அந்தப் படத்தைப் பார்க்கிறார்கள். வலக்கை செய்வதை இடக்கை அறியவேண்டாம் என்றவரின் சீடர்கள் நாம். இந்த ஆண்டிலிருந்து நம் பங்கில் கிறிஸ்மஸ் உதவிக்கு மேடை கிடையாது, பேனர் கிடையாது, படம் கிடையாது. சபைச் சகோதரர்கள் இருட்டியபின் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். பங்குப் பேரவையும் இதற்கு ஒத்துக்கொண்டிருக்கிறது.

இப்போது ஆண்களோடு கொஞ்சம் பேசவேண்டும். வெளியே வேப்பமரத்தடியில் நிற்கிற சகோதரர்களும் கேளுங்கள். ஸ்பீக்கர் அங்கேயும் இருக்கிறது.

கொடியேற்றத்துக்கு மரம் நாட்ட நீங்கள் வருகிறீர்கள். சப்பரம் தூக்கத் தோள் கொடுக்கிறீர்கள். பத்து நாள் திருவிழாவுக்கும் தூக்கம் விழிக்கிறீர்கள். யாராவது இறந்துவிட்டால், கூப்பிடாமலே வந்து பந்தல் போடுகிறீர்கள். இந்த வலிமையும் பாசமும் உங்களிடம் இருப்பதை ஒவ்வொரு ஆண்டும் பார்க்கிறேன், அதற்காகக் கடவுளுக்கு நன்றி சொல்கிறேன். ஆனால் நோயாளியின் வீட்டுக்குப் போய் அரைமணி நேரம் உட்கார்ந்திருப்பது பெண்கள் வேலை, கன்னியர்கள் வேலை என்று விட்டுவிடுகிறோம். கூட்டமாகச் செய்கிற எதற்கும் நாம் தயங்குவதில்லை. ஒரு வீட்டுத் திண்ணையில், பதவியும் பொன்னாடையும் இல்லாமல், ஒரு பெரியவரின் பேச்சைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்குத் தயங்குகிறோம். முன்வரிசையில் இருக்கிற இந்தச் சகோதரர்களும் அந்தத் தயக்கத்தோடுதான் வந்தார்கள். போகப்போகப் பழகிக்கொண்டார்கள். முன்பெல்லாம் பக்கத்துத் தெருக்காரரோடு வழக்கு வைத்திருந்தவர்கள் இன்று ஒரே சைக்கிளில் வீடு சந்திக்கப் போவதை நீங்களே பார்க்கிறீர்கள். ஏழைக்குச் செய்கிற பணி செய்கிறவர்களையும் சகோதரர்களாக்கிவிடுகிறது.

இளைஞர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. நம் சபையில் இப்போது இருக்கிறவர்களில் பெரும்பாலானவர்கள் தாத்தா ஆகிவிட்டார்கள். படியேற முடியாதவர்கள் படியேறிப் போகிறார்கள். இதைத் தொடங்கியவருக்கு வயது 20 என்பதை மறந்துவிடாதீர்கள். இணையத்தில் மனு போடவும், மருத்துவக் காப்பீட்டு அட்டை எடுக்கவும், இ-சேவை மையத்தில் நின்று காரியம் முடிக்கவும் உங்களால் முடிகிற அளவுக்கு அவர்களால் முடியாது. நம் வீடுகளில் நம்பிக்கையைக் கேள்வி கேட்கிற பிள்ளைகளும் இருக்கிறீர்கள். இந்தத் திருச்சபை என்ன செய்கிறது என்று நீங்கள் கேட்பது எனக்குத் தெரியும். கேட்பது தப்பில்லை. ஓசானாமிடம் கேட்டவரும் தப்பாகக் கேட்கவில்லை. ஆனால் கேட்ட கையோடு ஒரு சனிக்கிழமை இந்தச் சகோதரர்களில் ஒருவரோடு போய்வாருங்கள்.

நற்செய்தியின் முடிவில் ஐந்து சகோதரர்கள் வருகிறார்கள். அந்தச் செல்வரின் உடன்பிறந்தவர்கள், இன்னும் உயிரோடு தகப்பன் வீட்டில் இருக்கிறவர்கள். செத்தவர் ஒருவர் எழுந்து போனால் அவர்கள் மனம் மாறுவார்கள் என்று அண்ணன் கெஞ்சுகிறார். மோசேயும் இறைவாக்கினர்களும் அவர்களுக்கு இருக்கிறார்கள் என்று ஆபிரகாம் மறுக்கிறார். அதோடு கதை நின்றுவிடுகிறது. அந்த ஐந்து பேர் என்ன செய்தார்கள் என்று ஆண்டவர் சொல்லவில்லை. நமக்கோ மோசேயும் இறைவாக்கினர்களும் மட்டுமல்ல, இறந்து உயிர்த்த ஆண்டவரே இருக்கிறார். இன்னும் சில நிமிடத்தில் அவரை நம் கையில் வாங்கப்போகிறோம்.

மழைக்காலத்துக்கு முன்பாக, உதவி தேவைப்படுகிற குடும்பங்களின் பட்டியலைச் சபை தயாரிக்கிறது. உங்கள் அன்பியத்தில், உங்கள் தெருவில், வெட்கப்பட்டுக் கேட்காமல் இருக்கிற வீடு ஒன்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். கத்தோலிக்க வீடாக இருக்கவேண்டும் என்று இல்லை. அந்த வீட்டார் யாரை வணங்கினாலும் சரி. பெயரைச் சத்தமாகச் சொல்லவேண்டாம். இந்தச் சகோதரர்களில் ஒருவரிடம் தனியாகச் சொல்லுங்கள், அல்லது என்னிடம் சொல்லுங்கள். சேர விரும்புகிற ஆண்களும் பெண்களும் இரண்டாம் திருப்பலிக்குப் பிறகு மறைக்கல்வி அறைக்கு வாருங்கள். கூட்டம் ஒரு மணி நேரம்தான் நடக்கும்.

சபைச் சகோதரர்களே, இப்போது பீடத்துக்கு முன்பாக வாருங்கள். உங்கள் மனைவிமாரும் பிள்ளைகளும் கூடவே வரட்டும். நீங்கள் வீடு வீடாகப் போகிற நேரமெல்லாம் அவர்கள் விட்டுக்கொடுத்த நேரம். மற்றவர்கள் எழுந்து நிற்போம். அவர்கள் வாக்குறுதி எடுத்ததும் நம்பிக்கை அறிக்கை சொல்வோம்.